பிடியரிசியும் பிள்ளைகள் பள்ளியும்

(நமது பங்கின் பொன்விழாத் தொடக்க நாளன்று, பங்குப் பேரவையும் அன்பியங்களும் கூடிய பொதுக்கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை. பேரவையின் விருப்பப்படி மலரில் வெளியிடப்படுகிறது.)



நமது ஊர் தனிப் பங்காகி ஐம்பது ஆண்டுகள் நிறைவுறுகின்றன. ஓலைக் கூரையின் கீழ்த் திருப்பலி கண்ட மக்கள் இன்று கற்கோவிலில் கூடியிருக்கிறோம். இதற்கு உழைத்த முன்னோர்களையும், நமக்கு முன்பிருந்த குருக்களையும், கன்னியர்களையும், உபதேசியார்களையும் நன்றியோடு நினைக்கிறோம். விழாக் குழுவினர் வகுத்துள்ள திட்டங்களையும் கேட்டீர்கள். ஊர் முகப்பில் அலங்கார வளைவு, கோவில் முற்றத்திற்குக் கல் பாவுதல், புதிய மணி, தேருக்கு வண்ணம். எல்லாம் நல்லவையே. இவற்றில் எதற்கும் நாம் மறுப்புச் சொல்ல வரவில்லை.

ஆனால் சென்ற மாதம் நடந்த அன்பியக் கூட்டத்தில் ஒரு பாட்டியம்மாள் எழுந்து கேட்ட கேள்வியை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவருடைய மருமகள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர். மகன் பட்டாசு ஆலையில். மூன்று வயதுப் பேரன் பாட்டியின் பொறுப்பில். பாட்டிக்கோ கண்புரை. அவர் சொன்னார்: "வளைவு இன்னும் பத்து வருசங் கழிச்சுக்கூடக் கட்டலாம். எம் பேரன் பத்து வருசங் கழிச்சும் மூணு வயசாவா இருப்பான் சாமி?"

அன்று பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. இன்று நாம் பேசப் போவதே அந்தப் பதில்தான். பள்ளிக்குப் போகாத சின்னஞ்சிறு பிள்ளைகளின் கல்விக்கு ஓர் ஊர் எவ்வாறு தன் கையாலேயே பணம் திரட்டலாம் என்பதே நமது பொருள்.

முதலில், இந்த வயதுக்கு ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று நம்மவர்கள் சொல்லி வைத்தார்கள். இன்றைய அறிவியலும் அதையே வேறு வகையில் சொல்லுகிறது. குழந்தையின் மூளை வளர்ச்சியில் 85 விழுக்காட்டுக்கு மேல் ஆறு வயதுக்கு முன்பே முடிந்து விடுகிறது என்று 2020 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை குறிப்பிடுகிறது. நாம் ஆறாம் வகுப்பில் தனிப் பயிற்சிக்கும் பத்தாம் வகுப்பில் கைடு புத்தகத்திற்கும் கொட்டிக் கொடுக்கிறோம். அடித்தளம் போடும் காலத்தில் பிள்ளையைத் திண்ணையில் விட்டு விடுகிறோம்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்றொரு ஊர். அங்கே 1962 இல் ஒரு சோதனை தொடங்கினார்கள். ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகள் 123 பேரை எடுத்துக் கொண்டு, 58 பேருக்கு நல்ல பாலர் பள்ளி தந்தார்கள். 65 பேர் வழக்கம் போல் வீட்டிலிருந்தார்கள். பள்ளி சில மணி நேரந்தான். ஆனால் ஆசிரியை வாரந்தோறும் பிள்ளையின் வீட்டுக்கே சென்று தாயோடு உட்கார்ந்து பேசினார். பிறகு அந்தப் பிள்ளைகளை நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். பாலர் பள்ளிக்குச் சென்றவர்களில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் அதிகம். அவர்களுக்கு வருமானமும் அதிகம். சிறைக்குச் சென்றவர்கள் குறைவு. நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மனும் அவருடைய குழுவினரும் இதைக் கணக்கிட்டு, அந்தப் பள்ளிக்குச் செலவழித்த பணம் ஆண்டுக்கு 7 முதல் 10 விழுக்காடு வரை சமுதாயத்துக்குத் திரும்பி வந்தது என்று காட்டினார்கள். பிள்ளைக்குச் செய்யும் செலவு தருமம் மட்டுமன்று, விதை நெல்லும் ஆகும்.

சரி, பணம் யார் தருவது? இதற்கு வரலாற்றில் ஊர் மக்களே கண்ட வழிகள் பல உண்டு. மூன்றை மட்டும் சொல்கிறோம்.

ஒன்று, உரோமை நகரில் நடந்தது. சான் லொரென்சோ என்பது அங்கே ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. ஒரு கட்டடக் கழகம் அங்கிருந்த வீடுகளைச் செப்பனிட்டு வாடகைக்கு விட்டது. தாய் தந்தையர் வேலைக்குப் போன பின், பள்ளி வயது வராத பிள்ளைகள் மாடிப்படிகளிலும் தாழ்வாரங்களிலும் திரிந்து, வெள்ளையடித்த சுவர்களைக் கெடுத்தார்கள். கழகத்தின் தலைவர் எடுவார்தோ தாலமோ யோசித்தார். சுவரைத் திரும்பத் திரும்பச் சரி செய்யும் பணத்தைப் பிள்ளைகளுக்கே செலவிட்டால் என்ன? அப்படித்தான் 1907 சனவரி 6 ஆம் நாள், மூன்று இராசாக்கள் திருநாளன்று, மருத்துவர் மரியா மொந்தெசோரியின் முதல் குழந்தைகள் இல்லம் பிறந்தது. அங்கே கட்டணம் கிடையாது. ஆனால் பெற்றோருக்குக் கடமை உண்டு: பிள்ளையைக் குளிப்பாட்டிச் சுத்தமாக அனுப்ப வேண்டும், வாரத்துக்கு ஒருமுறையாவது ஆசிரியையைச் சந்தித்துப் பேச வேண்டும். அந்த அம்மையார் 1939 இல் நம் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். உலகம் முழுவதும் பரவிய அந்தக் கல்வி முறைக்கு முதலாகப் போடப்பட்டது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வைத்திருந்த பணம்.

இரண்டாவது, அதே இத்தாலியில் ரெஜ்ஜோ எமிலியா நகரத்தை அடுத்த வில்லா செல்லா என்ற சிற்றூர். 1945 இல் போர் முடிந்த சில நாட்களில், பின்வாங்கிய செர்மானியப் படை விட்டுப் போன ஒரு பீரங்கி வண்டியும் சில லாரிகளும் குதிரைகளும் ஊராருக்குக் கிடைத்தன. அவற்றை விற்றால் வரும் பணத்தை என்ன செய்வது என்று ஊர் கூடியது. நாடக அரங்கம் கட்டலாம் என்றார்கள் ஆண்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி கட்ட வேண்டும் என்றார்கள் பெண்கள். பெண்கள் சொன்னதே நின்றது. நிலம் நன்கொடையாகக் கிடைத்தது. குண்டு விழுந்து இடிந்த வீடுகளிலிருந்து செங்கற்களைப் பொறுக்கிக் கழுவி, ஞாயிறு என்றும் பாராமல் தங்கள் கையாலேயே கட்டினார்கள். லோரிஸ் மலகுச்சி என்ற இளம் ஆசிரியர் இதைக் கேள்விப்பட்டு மிதிவண்டியில் பார்க்கப் போனார். அந்தப் பணியிலேயே வாழ்நாளைக் கழித்தார். பெற்றோர் நடத்திய அத்தகைய பள்ளிகளைப் பின்னர் 1967 இல் நகராட்சி ஏற்றுக் கொண்டது. இன்று உலகின் பல நாடுகளிலிருந்து ஆசிரியர்கள் அங்கே சென்று கற்று வருகிறார்கள்.

மூன்றாவது, நமக்கு அண்டையிலேயே உள்ள விருதுநகர். அங்கே வணிகப் பெருமக்கள் தங்கள் வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்து, அதைக் கொண்டு 1889 இல் சத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளியை நிறுவினார்கள். வீடுகளில் தாய்மார்கள் உலையில் அரிசி போடும் போது ஒரு பிடியை எடுத்துக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். அந்தப் பிடியரிசியும் பள்ளிக்குச் சேர்ந்தது. அந்தப் பள்ளியில் படித்த சிறுவர்களில் ஒருவர்தான் காமராசர். அவர் முதலமைச்சரான பின் 1956 இல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கிய போதும் முதலில் ஊரார் தந்த நன்கொடைகளையே நம்பித் தொடங்கினார். அரசுப் பணம் பின்னர் வந்தது. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு 1958 முதல் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் நிலம், நாற்காலி, பலகை, மணி, சீருடை என்று ஊர் மக்கள் வாரி வழங்கினார்கள். பிடியரிசியில் படித்த பிள்ளை, பின்னாளில் நாடே தன் பிள்ளைகளுக்குச் சோறு போடும்படி செய்தது.

இந்த மூன்றிலும் ஒன்றைக் கவனியுங்கள். புதிதாகப் பணம் எங்கிருந்தும் வந்து விழவில்லை. சுண்ணாம்புக்கு வைத்த பணம், எதிரி விட்டுப் போன இரும்பு, உலையில் போட இருந்த அரிசி. இருந்ததைத்தான் திசை திருப்பினார்கள்.

இனி நமது நிலைமைக்கு வருவோம். "அரசாங்கம் அங்கன்வாடி நடத்துகிறதே, நாம் எதற்கு?" என்று சிலர் கேட்கக் கூடும். நல்ல கேள்விதான். நம் பங்கு பிறந்த காலத்தில்தான், 1975 அக்டோபர் 2 ஆம் நாள், ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. 1982 இல் முதலமைச்சர் எம். ஜி. ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் நம் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சோற்றை உறுதி செய்தது. இன்று தமிழ்நாட்டில் 50,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் மையங்கள் உள்ளன. 2002 இல் அரசியல் சட்டத்தின் 45 ஆம் பிரிவு திருத்தப்பட்டு, ஆறு வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் அரசு முயல வேண்டும் என்று எழுதப்பட்டது. 2019 இல் தமிழக அரசு, நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புக்களைத் தொடங்கியது.

ஆகவே நம் தெருவிலுள்ள குழந்தைகள் மையம் நமக்குப் போட்டியன்று. அது நம் வரிப்பணத்தில் நடப்பது, நம்முடையது. அங்கே பணியாற்றும் சகோதரி ஒருவரே எடை பார்க்கிறார், பதிவேடு எழுதுகிறார், கர்ப்பிணிகளைப் பார்க்கப் போகிறார், பாட்டும் சொல்லித் தருகிறார். அவரைக் குறை கூறுவது எளிது. அவருக்குக் கை கொடுப்பதே முறை. இத்தகைய மையத்தின் பெயரே நமக்குப் பாடம். மராத்திய நாட்டில் போர்டி என்ற ஊரில் 1945 இல் தாராபாய் மோடக் அம்மையாரும் அனுதாய் வாக் அம்மையாரும் பிள்ளைகள் பள்ளி தொடங்கிய போது ஏழைகளின் பிள்ளைகள் வரவில்லை. பிள்ளை வராவிட்டால் பள்ளி போகட்டும் என்று சேரியின் முற்றத்திலேயே வகுப்பு நடத்தினார்கள். அங்கணம் என்றால் முற்றம். அந்த முற்றந்தான் அங்கன்வாடி.

அப்படியானால் நம் பணத்துக்கு வேலை எங்கே? இரண்டு இடங்களில் இருக்கிறது. மையம் மாலையில் மூடி விடுகிறது. தீப்பெட்டி ஆபீசிலிருந்து தாய்மார் திரும்பும் போது விளக்கு வைக்கும் நேரம். இடைப்பட்ட அந்த நேரத்தில் பிள்ளைகள் சாலையில் நிற்கிறார்கள். இது ஒன்று. அம்மைக்குப் பயந்தோ கௌரவத்துக்குப் பயந்தோ சிலர் கடன் வாங்கி மூன்று வயதுப் பிள்ளையை வேனில் ஏற்றி நகரத்துக்கு அனுப்புகிறார்கள். வேன் நெரிசலில் அந்தப் பிள்ளை தூங்கி விழுந்து வருவதை நாமே பார்த்திருக்கிறோம். விளையாடிக் கற்க வேண்டிய வயதில் எழுதிக் கற்கச் சொல்லுகிறோம். நல்ல விளையாட்டுப் பொருளும், படப் புத்தகமும், பயிற்சி பெற்ற இன்னொரு ஆசிரியையும் நம் ஊரிலேயே இருந்தால் அந்த வேன் எதற்கு? இது இரண்டாவது.

கன்னியர்கள் நடத்தி வந்த பாலர் பள்ளியைச் சகோதரிகள் குறைவால் மூடியபின் அந்தக் கூடம் பூட்டிக் கிடக்கிறது. அதையே மாலைநேரப் பிள்ளைகள் இல்லமாகத் திறப்போம் என்பது நமது யோசனை. சாதி மத வேறுபாடின்றி ஊரின் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது திறந்திருக்க வேண்டும்.

ஆனால் எப்படித் தொடங்கக் கூடாது என்பதை முதலில் சொல்லி விடுகிறோம். அது நமது சொந்தத் தவற்றிலிருந்து கற்றது. இருபது ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் பணியாற்றிய போது பாலர் பள்ளி ஒன்றைத் தொடங்கினோம். வெளிநாட்டு உதவி மூன்று ஆண்டுகளுக்குக் கிடைத்தது. அழகான கூடம், சிறு நாற்காலிகள், மர ஆடுகுதிரை கூட வாங்கினோம். யாரிடமும் ஒரு காசு கேட்கவில்லை. அதுவே நமக்குப் பெருமையாகவும் இருந்தது. மூன்றாம் ஆண்டு முடிந்தது. சொன்னபடியே உதவியும் நின்றது. அதற்குள் மாற்று வழி தேடாதது நமது குற்றம். பள்ளி மூடப்பட்டது. ஆசிரியையாக இருந்த பெண்ணுக்கு நான்கு மாதச் சம்பளம் பாக்கி. அவர் ஒருமுறை கேட்டார், மறுமுறை கேட்காமலே ஊரை விட்டுப் போய் விட்டார். பல ஆண்டுகள் கழித்து அவருடைய முகவரியைத் தேடிப் பிடித்து அந்தப் பணத்தை அனுப்பி வைத்தோம். ஆனால் பள்ளியைத் திரும்பக் கொடுக்க முடியவில்லை. அந்தக் கூடத்தில் சப்பரத்தின் கால்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.

அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம், "நீங்கள் யாரும் முன்வரவில்லையே" என்று வருத்தப்பட்டுக் கேட்டோம். அவர் சொன்னார்: "நீங்க எங்களக் கேக்கவே இல்லையே சாமி. அது சாமியார் பள்ளிக்கூடம்னு இருந்துட்டோம்." அன்று புரிந்தது. காசு கேட்காமல் இருந்தது தயவன்று. அது மக்களை விலக்கி வைத்த செயல். ஐயாயிரம் பேருக்கு உணவளித்த போது ஆண்டவர் வானத்திலிருந்து அப்பத்தை இறக்கவில்லை. கூட்டத்திலிருந்த ஒரு சிறுவனின் ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் கேட்டு வாங்கினார்.

மேலும், இன்று வெளிநாட்டுப் பணத்தை எண்ணியிருக்கவும் வழியில்லை. வெளிநாட்டு நன்கொடை பற்றிய 2010 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாதவர் அதைப் பெற முடியாது. பெற்றவரும் இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றித் தர 2020 ஆம் ஆண்டுத் திருத்தம் தடை செய்துவிட்டது. ஆகவே நம் கையே நமக்கு உதவி.

இப்போது கணக்குக்கு வருவோம். கணக்கில்லாத நல்லெண்ணம் நாலு மாதம் தாங்காது என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள் நாம்.

நமக்கு ஓர் ஆசிரியை வேண்டும், ஓர் உதவியாளர் வேண்டும். மாலைநேரப் பணிக்கு ஆசிரியைக்கு மாதம் 9,000 ரூபாய், உதவியாளருக்கு 6,000 ரூபாய் என்று வைத்துக் கொண்டால் மாதம் 15,000. ஆண்டுக்கு 1,80,000 ரூபாய். கட்டடம் இருக்கிறது. விளையாட்டுப் பொருள், பழுது பார்த்தல், மின்சாரம், மாலைச் சுண்டல் இவற்றுக்கு ஆண்டுக்கு 40,000 என்று வைப்போம். ஆக மொத்தம் 2,20,000 ரூபாய்.

முதல் வழி, தலைக்கட்டு. நம் பங்கில் ஏறத்தாழ 300 குடும்பங்கள். குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 2 ரூபாய். ஒரு தேநீர் விலையில் ஒரு சிறு பங்கு. நாளுக்கு 600, ஆண்டுக்கு 2,19,000 ரூபாய். கணக்கு ஏறக்குறைய நேராகி விட்டது. ஆனால் எல்லாரும் தருவார்கள் என்று நம்பித் திட்டம் போடக் கூடாது. மூன்றில் இரண்டு பங்கினர், 200 குடும்பங்கள் தந்தால் 1,46,000 வரும். 74,000 குறையும். அதற்குத்தான் மற்ற வழிகள்.

இரண்டாவது, பெருவிழாவில் பத்தில் ஒரு பங்கு. சென்ற ஆண்டுப் பெருவிழாக் கணக்கைக் கோவில் பலகையில் பார்த்தீர்கள். பந்தல், மின்விளக்கு, மேளம், வாணவேடிக்கை எல்லாம் சேர்த்து 6 லட்சத்தைத் தொட்டது. அதில் பத்தில் ஒன்றைப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கினால் 60,000 ரூபாய். வாணம் கொஞ்சம் குறையும்; திருவிழா குறையாது.

மூன்றாவது, நிலைநிதி. இறந்த பெற்றோர் நினைவாக நாம் விளம்பரத் தட்டி வைக்கிறோம், அசனம் போடுகிறோம். அவர்கள் பெயரில் 5,000, 10,000 என்று பிள்ளைகள் நிலைநிதியில் போடுங்கள். அசலைத் தொடக் கூடாது. வட்டி மட்டும் செலவுக்கு. 5 லட்சம் சேர்ந்தால், 6 விழுக்காடு வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய். இதோடு நமது பள்ளம் நிரம்பி, மிச்சமும் இருக்கும். அந்த மிச்சத்தைச் செலவழிக்காமல், வருமானம் குறையும் ஆண்டுக்கென்று வைத்திருக்க வேண்டும்.

நான்காவது, பிடியரிசி. ஒரு தாயின் ஒரு பிடி ஏறத்தாழ 40 கிராம். 300 வீட்டிலும் ஒரு பிடி எடுத்தால் 12 கிலோ. 30 பிள்ளைகளுக்கு மாலையில் ஆளுக்கு 50 கிராம் அரிசியில் கஞ்சியோ பொங்கலோ செய்தால் நாளுக்கு ஒன்றரைக் கிலோ, ஆறு நாளைக்கு 9 கிலோ. அதாவது வாரத்துக்கு ஒரு பிடி போதும்! இருநூறு ரூபாய் தர முடியாத விதவைத் தாயும் அந்த ஒரு பிடியைத் தர முடியும். ஆலயத்தில் இரண்டு காசு போட்ட கைம்பெண்ணை ஆண்டவர் எவ்வாறு மதித்தார் என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. யாரும் இதில் வெறும் பயனாளியாக நிற்கக் கூடாது என்பதே பிடியரிசியின் பொருள்.

ஐந்தாவது, வேலை தருகிறவர்கள். உரோமையில் கட்டடச் சொந்தக்காரர் பணம் போட்டார் என்று பார்த்தோம். நம் தாய்மாரின் உழைப்பால் நடக்கும் ஆலைகளிடம் நாம் பேச வேண்டும். 1976 இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டம், 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பறை வேண்டும் என்றது. 2017 இல் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களுக்கு அக்கடமையை விதித்தது. ஆகவே இது பிச்சை கேட்பதன்று, கடமையை நினைவூட்டுவது. சிறிய ஆலைகள் பல சேர்ந்து நம் இல்லத்துக்கு ஒரு தொகை தந்தால் அவர்களுக்கும் எளிது. பிள்ளை பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்த தாய் மன நிம்மதியோடு வேலை செய்வாள்.

ஆறாவது, ஊராட்சி. குடியரசு நாளிலும், மே முதல் நாளிலும், விடுதலை நாளிலும், காந்தி பிறந்த நாளிலும் கிராம சபை கூடுகிறது. நம்மில் எத்தனை பேர் போகிறோம்? குழந்தைகள் மையத்துக்குக் கழிப்பறை வேண்டும், சுற்றுச்சுவர் வேண்டும், தண்ணீர் வேண்டும் என்று அங்கே எழுந்து கேட்டுத் தீர்மானத்தில் எழுத வைக்க வேண்டும். ஊரார் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும் 'நமக்கு நாமே' திட்டம் 2021 இல் மீண்டும் தொடங்கப்பட்டதை அறிவீர்கள். அது பொதுச் சொத்துக்குத்தான், கோவில் கட்டடத்துக்கு ஆகாது. ஆகவே அந்த வழியில் வருவதை அரசு மையத்துக்கே கேட்போம். நம் பிள்ளைகள் பகலெல்லாம் இருக்கும் இடம் அதுதானே.

பணம் சேர்ப்பதைவிடக் காப்பது கடினம். எனவே சில விதிகளை இன்றே வகுத்துக் கொள்வோம். பிள்ளைகள் நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும்; கோவில் கணக்கோடு கலக்கக் கூடாது. காசோலையில் இருவர் கையெழுத்து, அவர்களில் ஒருவர் தாயாக இருக்க வேண்டும். மாத வரவு செலவு முதல் ஞாயிறன்று கோவில் பலகையில் ஒட்டப்பட வேண்டும். ஆசிரியையின் சம்பளமே முதல் செலவு. மற்றவை எல்லாம் அதற்குப் பின். ஆறு மாதச் சம்பளம் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். காப்பகத்துக்குரிய அரசு விதிகளைக் கேட்டறிந்து அனுமதி பெற வேண்டும். பிள்ளைகளோடு எந்நேரமும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். இல்லத்தை நடத்துவது பங்குத் தந்தையன்று, பெற்றோர் குழு. ஏனெனில் பங்குத் தந்தை மாற்றலாகிப் போவார். நாம் போன பிறகும் பள்ளி நிற்க வேண்டுமானால் அது இப்போதே நம் கையில் இருக்கக் கூடாது.

பெற்றோருக்கும் ஒரு சொல். பணம் தந்து விட்டோம் என்று இருந்து விடாதீர்கள். பிள்ளையின் முதல் ஆசிரியர் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் வலியுறுத்துகிறது. மாதத்துக்கு ஒரு மாலை ஒவ்வொரு தாயோ தந்தையோ இல்லத்துக்கு வந்து பிள்ளைகளோடு இருக்க வேண்டும். தச்சர் ஒரு மர வண்டி செய்து தரலாம். தையல் தெரிந்தவர் துணிப் பொம்மை தரலாம். தாத்தாக்கள் கதை சொல்லலாம், பாட்டிமார் தாலாட்டும் விடுகதையும் சொல்லலாம். இவற்றையும் வரவில் எழுதுவோம்.

முடிவாக ஒரு வேண்டுகோள். வில்லா செல்லா ஊரார் அரங்கமா பள்ளியா என்று வாதிட்டதைச் சொன்னோம். நம் முன்னும் அதே கேள்வி வந்து நிற்கிறது. வளைவு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வளைவுக்குச் சேர்ந்துள்ள பணத்தில் பாதியை நிலைநிதிக்கு முதலாகப் போட்டு, வளைவைச் சற்று எளிதாகக் கட்டலாமா என்று கேட்கிறோம். நமது கட்டளையால் இதை முடிக்க விரும்பவில்லை. அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் எல்லாக் குடும்பத்தாரும் கூடுங்கள். ஆண்களோடு பெண்களும் பேசுங்கள். ஊர் சொல்வது எதுவோ அதற்கு நாம் கட்டுப்படுவோம்.

ஆனால் பிடியரிசிக்கு ஊர்க் கூட்டம் தேவையில்லை. அந்த ஞாயிறு முதல் கோவில் வாசலில் ஒரு மண்பானை இருக்கும். முதல் பிடி குருமனையிலிருந்து வரும். இரண்டாம் பிடியைப் போட, கேள்வி கேட்ட அந்தப் பாட்டியம்மாளை அழைத்திருக்கிறோம். பேரனையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறோம்.

சிறுவர்களைத் தம்மிடம் வர விடும்படி சொன்ன ஆண்டவர் நம் முயற்சியை ஆசீர்வதிப்பாராக.